வேலை நேரத்தை இலகுவாக்குவோம்!

 



ஜும்ஆவின் பெயரைத் தாங்கிய 62ஆம் அத்தியாயத்தின் 9, 10 ஆகிய இரு வசனங்களை நாம் அடிக்கடி செவிமடுக்கிறோம். தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரைந்து வருமாறு முதல் வசனம் கட்டளையிடுகிறது. தொழுகை முடிந்தபின் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடிக்கொள்ளுமாறு அடுத்த வசனம் வழிகாட்டுகிறது. வெள்ளிக்கிழமை முழுவதும் கடையைப் பூட்டி வைக்குமாறு மார்க்கம் கூறவில்லை. வேலைக்கு நடுவே வணக்கத்திற்கு இடம் விட்டு, பின்னர் வேலைக்குத் திரும்பச் சொல்கிறது. உழைப்பு வேண்டும்; ஆனால் உழைப்பின் நேரம் மற்றக் கடமைகளுக்கு வழிவிட்டு வளைந்து கொடுக்க வேண்டும் என்னும் பாடம் இவ்விரு வசனங்களிலும் அடங்கியுள்ளது.

அந்தப் பாடத்தை நம் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் பொருத்திப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

காலம் நம்மை யோசிக்க வைத்தது

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. அதற்கு முன், கணினித் துறையில் பணிபுரிவோர் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டால், அது நடக்காத காரியம் என்றே பல நிர்வாகங்கள் கூறி வந்தன. ஒரே வாரத்தில் அது நடந்துவிட்டது. அலுவலகங்கள் பூட்டப்பட்டன, வேலை நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையும் வீட்டிலிருந்து பணிபுரிவதற்குத் தடையாக இருந்த விதிகளைப் பெருமளவு தளர்த்தியது.

அந்த நாட்கள் துயரமானவை. ஜனாஸாவுக்குக்கூட ஒன்றுகூட முடியாத நாட்கள் அவை. எனினும், காலையில் பிள்ளை எழுமுன் புறப்பட்டு, இரவில் பிள்ளை உறங்கிய பின் வீடு திரும்பிக்கொண்டிருந்த தந்தையர் பலர், தம் பிள்ளைகள் ஓதுவதை அந்த நாட்களில்தான் அருகிலிருந்து கேட்டார்கள். இப்போது அலுவலகங்கள் திறந்துவிட்டன. பழைய நிலைக்கே முழுமையாகத் திரும்ப வேண்டுமா, கிடைத்த நன்மையில் ஒரு பகுதியையாவது காத்துக்கொள்ளலாமா என்னும் கேள்வி முதலாளிகள் முன்னும் ஊழியர்கள் முன்னும் நிற்கிறது.

மத்யனில் நடந்த ஒப்பந்தம்

திருக்குர்ஆன் எடுத்துரைக்கும் ஒரு வேலை ஒப்பந்தத்தைப் பாருங்கள். அது 28ஆம் அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தில் உள்ளது. ஊரை விட்டு வந்து, ஒதுங்க இடமின்றி நின்ற மூஸா (அலை) அவர்களை மத்யனின் முதியவர் ஒருவர் பணிக்கு அமர்த்துகிறார். அந்நேரத்தில் அவர் என்ன நிபந்தனை விதித்தாலும் மூஸா (அலை) அவர்கள் ஏற்றிருப்பார்கள். ஆயினும் அம்முதியவர் எட்டு ஆண்டுகள் என்று காலத்தை வரையறுக்கிறார். பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம் என்று விட்டுவிடுகிறார். உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

சகோதரர்களே! வேலை கொடுப்பவர் வாயிலிருந்து வந்த அந்தக் கடைசிச் சொல்லைச் சிந்தியுங்கள். வரையறை உண்டு, விருப்பத்திற்கு இடமும் உண்டு, சிரமம் தரமாட்டேன் என்னும் உறுதிமொழியும் உண்டு. இதன் விளைவு என்ன? மூஸா (அலை) அவர்கள் இரண்டு தவணைகளில் நீண்டதையே நிறைவு செய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக புகாரியில் பதிவாகியுள்ளது. இலகு காட்டிய முதலாளிக்குக் கடமைக்கு மேலும் இரண்டு ஆண்டு உழைப்பு கிடைத்தது.

நம்முடைய ஃபிக்ஹு நூல்களும் இவ்விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. கூலிக்கு வேலை செய்வோரை அவை இருவகையாகப் பிரிக்கின்றன. தன் நேரத்தை ஒருவருக்கே விற்றவர் அஜீர் காஸ் எனப்படுவார். கடைச் சிப்பந்தி, அலுவலக ஊழியர் போன்றோர் இவ்வகையினர். குறிப்பிட்ட வேலையை முடித்துத் தருவதாக ஏற்றவர் அஜீர் முஷ்தரக் எனப்படுவார். தையற்காரர், சாயமிடுபவர் போன்றோர் இவ்வகையினர். முன்னவர் ஒப்பந்த நேரத்தில் வேலைக்குத் தயாராக இருந்தாலே கூலிக்கு உரியவராகிறார். பின்னவர் வேலையை முடித்தால்தான் கூலி பெறுவார். எந்த நேரத்தில் செய்தார் என்ற கேள்வி அவரிடம் எழாது.

வீட்டிலிருந்து வேலை செய்வதில் இன்று எழும் பிணக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவையே. முதலாளி, நாள் முழுவதும் அழைத்தவுடன் பேச வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார். இத்தனை வேலை முடிந்திருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார். ஊழியரோ, நேரத்திற்கான சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு, வேலையைத் தம் வசதிப்படி செய்யலாம் என்று எண்ணுகிறார். எதை விற்றோம், நேரத்தையா வேலையையா என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகப் பேசி எழுதிக்கொண்டால் பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும்.

கடமையான தொழுகைக்கும் அதற்குரிய உளூவுக்கும் தேவையான நேரம் கூலி ஒப்பந்தத்திலிருந்து விலக்கப்பட்டது என்று நம் ஃபுகஹாக்கள் எழுதியுள்ளதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதற்காகச் சம்பளத்தைக் குறைப்பது முறையல்ல. அதைச் சாக்காக வைத்துத் தேநீர்க் கடையில் அரைமணி நேரம் அமர்வதும் முறையல்ல.

முறை வைத்துக்கொண்ட இரு தோழர்கள்

உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப்பகுதியில், ஊரின் மையத்திலிருந்து தொலைவில் வசித்தார்கள். அவர்களும் அன்சாரியான அண்டைவீட்டுக்காரர் ஒருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருநாள் இவர் நபி (ஸல்) அவர்களின் சபைக்குச் செல்வார். மறுநாள் அவர் செல்வார். சென்று வந்தவர் அன்றைய வஹீச் செய்தியையும் பிற செய்திகளையும் மற்றவருக்குச் சொல்வார். இச்செய்தி புகாரியில் கல்வி பற்றிய பாடத்தில் இடம்பெற்றுள்ளது.

நபியின் சபையைவிட மேலான சபை உலகில் எது? அங்கேயும் தினந்தோறும் வராதவர் குற்றவாளியாகப் பார்க்கப்படவில்லை. இருவரும் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டதால் கல்வியும் தவறவில்லை, பிழைப்பும் தவறவில்லை. வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்னும் ஏற்பாட்டைக் கேட்டதும் ஒழுங்கு கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் இச்சம்பவத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆய்வுகள் சொல்வதென்ன?

அச்சத்திற்கு விடை சோதனையில்தான் கிடைக்கும். சீனாவின் ஷாங்காய் நகரிலுள்ள ஒரு பெரிய பயண முன்பதிவு நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கலஸ் புளூம் குழுவினருடன் சேர்ந்து 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கியது. தொலைபேசி அழைப்புப் பிரிவில் விருப்பம் தெரிவித்த ஊழியர்கள், பிறந்த தேதி இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதை வைத்து இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு வாரத்தில் 4 நாள் வீட்டிலிருந்து வேலை செய்தது. மற்றக் குழு அலுவலகத்திலேயே இருந்தது. 9 மாத முடிவில், வீட்டிலிருந்தோரின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாகக் குறைந்திருந்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே அளவு திறமை காட்டியும் வீட்டிலிருந்தோருக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணுக்கு எட்டாதவர் மனத்துக்கும் எட்டாதவராகிவிட்டார். சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது கணிசமானோர் அலுவலகத்திற்கே திரும்பினர். தனிமை அவர்களை வாட்டியது.

அதே நிறுவனம் 2021-22இல் 1,612 ஊழியர்களிடம் மற்றொரு சோதனை நடத்தியது. இம்முறை வாரத்தில் 2 நாள் மட்டும் வீடு. அதன் முடிவு 2024இல் வெளியானது. விலகுவோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலையின் தரத்திலோ பதவி உயர்விலோ குறையேதும் காணப்படவில்லை. பெண்களும், தொலைதூரத்திலிருந்து வந்து போவோரும் அதிகம் பயன் பெற்றனர். நடுநிலை எதிலும் நன்மை தரும் என்பதற்கு இது இன்னொரு சான்று.

தனிமை பற்றி ஒரு சொல். வீட்டிலிருந்து வேலை செய்யும் இளைஞர்களே! ஐவேளையும் உங்களுக்குப் பாங்கொலி கேட்கிறது. நகரத்து அலுவலகத்தின் மாடிப்படி மூலையில் முஸல்லா விரித்துத் தனியே தொழுத உங்களுக்கு, லுஹரையும் அஸரையும் மஹல்லா பள்ளியில் ஜமாஅத்துடன் தொழும் பாக்கியம் கிடைத்துள்ளது. எழுந்து வாருங்கள். முதுகும் நிமிரும், முகம் பார்த்து ஸலாம் சொல்ல நாலு பேரும் இருப்பார்கள்.

தாய்மார்களின் உரிமை

பாலூட்டும் தாய் பற்றிப் பேசும் 2ஆம் அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பிள்ளையின் காரணமாகத் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்ற கருத்தை வலியுறுத்துகிறது. நம் நாட்டுச் சட்டமும் இதில் சிறிது இறங்கி வந்துள்ளது. 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் இரு பிள்ளைகளுக்கான ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும்; தாய் நாளொன்றுக்கு 4 முறை அங்கே சென்று வரலாம். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பின்னும் இருதரப்பும் பேசி முடிவு செய்து வீட்டிலிருந்து பணியாற்றலாம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமைகள் தொடர்கின்றன.

ஆனால், வீட்டிலிருந்து பணியாற்றுவது முதலாளி இசைந்தால் மட்டுமே கிடைக்கும் என்பதைக் கவனியுங்கள். சட்டம் கதவைக் காட்டியிருக்கிறது. திறப்பது மனிதரின் கையில் இருக்கிறது. நன்றாகப் படித்த நம் பெண்கள் எத்தனை பேர் பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள்! கேட்டாலே கிடைத்திருக்கும் ஏற்பாட்டைக் கேட்கத் தெரியாமல் நின்றவர்களும் உண்டு. மாமியார்மாரே, கணவன்மாரே! உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் உழைத்து, அந்த வருவாயை ஸதகா செய்து வந்தார்கள். கைத்தொழில் அறிந்த பெண்மணியான இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி தம் உழைப்பால் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் செலவு செய்தார்கள். உழைக்கும் பெண் நம் வரலாற்றுக்குப் புதியவள் அல்லள்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். மருமகள் கணினி முன் அமர்ந்து வீட்டிலிருந்து வேலை செய்தால், அவள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று பொருளல்ல. எட்டு மணிநேரம் அலுவலக வேலையும், அதே எட்டு மணிநேரத்தில் சமையலும், வந்த விருந்தினருக்கு உபசரிப்பும் அவள் தலையிலேயே விழுந்தால், அது இலகுவன்று, இரட்டைச் சுமை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று பதிலளித்தார்கள். வீட்டிலிருக்கும் ஆண்களுக்கு இதைவிடத் தெளிவான ஸுன்னத் வேண்டுமா?

வீட்டு வேலையின் மறுபக்கம்

வீட்டிலிருந்து வேலை என்பது கணினியுடன் வந்த புதுமை என்று யாரும் எண்ண வேண்டாம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் குடும்பங்களைக் கேளுங்கள். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாய்மார்களைக் கேளுங்கள். சுளகை மடியில் வைத்து, இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டி, வாசலைத் தாண்டாமலே உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த உம்மாமார் எத்தனை ஆயிரம்!

அவர்களுக்கு நேரம் தம் கையில்தான் இருந்தது. ஆனால் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று இருந்ததால், கூலி குறைவாக இருந்தபோது நேரம் நள்ளிரவு வரை நீண்டது. புகையிலைத் தூள் குழந்தையின் தொட்டில் வரை வந்தது. 1966இல் இயற்றப்பட்ட பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளர் என்றே ஏற்றது. ஆயினும் ஏட்டில் உள்ள உரிமை எல்லார் கைக்கும் வந்து சேரவில்லை. வீட்டில் உழைப்போருக்கும் மற்ற ஊழியருக்கு இணையான உரிமை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் உடன்படிக்கை செய்தது. அதில் நம் நாடு இணையவில்லை.

இலகு என்ற பெயரில் சுமை வரும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2023 ஏப்ரல் 21 அன்று, நெகிழ்வான வேலை நேரம் என்ற பெயரில், நாளொன்றுக்கு 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் கடும் எதிர்ப்புக்குப் பின், மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஆகவே ஓர் ஏற்பாட்டை எடைபோட ஒரு கேள்வி போதும்: வளைவது யார்? நேரம் உழைப்பவருக்காக வளைந்தால் அது இலகு. உழைப்பவர் முதுகு வளைந்தால் அது அநீதி.

வீட்டின் அந்தரங்க நேரங்கள்

24ஆம் அத்தியாயத்தின் 58ஆம் வசனம் ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களை அந்தரங்க நேரங்களாக அறிவிக்கிறது. அந்நேரங்களில் சொந்தப் பிள்ளைகளும் வீட்டுப் பணியாளர்களும்கூட அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும். வீட்டுக்குள் இருப்பவருக்கே இந்த ஒழுங்கு என்றால், இரவு பதினோரு மணிக்குக் கைப்பேசி வழியாகப் படுக்கையறைக்குள் நுழையும் மேலாளருக்கு என்ன ஒழுங்கு இருக்க வேண்டும்?

பிரான்ஸ் நாட்டில் 2017 ஜனவரி முதல், பணிநேரம் கடந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. போர்ச்சுகலில் 2022 ஜனவரி முதல், அவசரம் இல்லாதபோது ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாதிருப்பது முதலாளியின் கடமையாக்கப்பட்டுள்ளது. அவர்கள் சட்டம் போட்டுத் தேடும் ஒழுக்கம், நம் வேதத்தில் வீட்டு மரியாதையாகவே கற்பிக்கப்பட்டிருக்கிறது. நாம்தான் அதனைக் கைக்கொள்ளவில்லை.

ஊழியர்களே, அமானிதம் பேணுங்கள்!

சலுகை பெற்றவருக்குப் பொறுப்பு கூடுகிறது. 2022இல் நம் நாட்டின் பெரிய கணினி நிறுவனம் ஒன்று, ஒரே நேரத்தில் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்த 300 பேரைப் பணிநீக்கம் செய்ததாக அறிவித்தது. வேலை செய்வதுபோல் தோன்றுவதற்காகக் கணினியின் சுட்டியைத் தானாக அசைக்கும் கருவிகளும் விற்பனைக்கு வந்துள்ளன. ஒருவருக்கு விற்ற நேரத்தை இன்னொருவருக்கும் விற்பது அஜீர் காஸுக்கு ஆகாது. அந்தச் சம்பளம் ஹலாலாகுமா என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும். மேலாளர் பார்க்கவில்லை, அல்லாஹ் பார்க்கிறான். இந்த ஒரே உணர்வு இருந்தால், வீட்டில் செய்யும் வேலை அலுவலகத்தில் செய்வதைவிடச் சுத்தமாக இருக்கும். ஒரு முஸ்லிம் ஊழியர் செய்யும் மோசடியால், அவருக்குப் பின் சலுகை கேட்கும் பத்துப் பேருக்குக் கதவு அடைபடுகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

ஜும்ஆவுக்காக நழுவிச் செல்லாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் இத்தனை நேரம் வேண்டும், காலையில் முன்னதாக வந்து ஈடுசெய்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியபோதும், மத்திய அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை வேலையை நண்பகலோடு முடித்துக்கொண்டது. முறையாகத் திட்டமிட்டால் இரண்டும் கைகூடும்.

முதலாளிகளே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள்!

இந்தப் பள்ளியின் முன்வரிசையில் துணிக்கடை, பாத்திரக்கடை, உணவகம் நடத்தும் பெருமக்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். கடைச் சிப்பந்தி வீட்டிலிருந்து துணி விற்க முடியாது என்பது உண்மை. ஆனால் இலகு காட்ட வேறு வழிகள் உண்டு. 2021இல் தமிழக அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்றது. நாள் முழுக்க நிற்பவரை உட்கார வைக்கவும் சட்டம் வர வேண்டியிருந்தது என்பது நமக்கு வெட்கமான செய்தி. பணியாளருக்குச் சக்திக்கு மீறிய சுமை தராதீர்கள், தந்தால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளதே!

நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. காலை முறை, மாலை முறை என்று ஆட்களைப் பிரித்து, வாரந்தோறும் மாற்றி விடுங்கள். அடுத்த வார முறையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; அவரும் பிள்ளையின் பள்ளிக்கூடத்திற்கோ தாயின் மருத்துவத்திற்கோ திட்டமிடட்டும். ரமளானில் முஸ்லிம் பணியாளரை இஃப்தாருக்கு வீடு சேரும் நேரத்தில் அனுப்புங்கள். முஸ்லிமல்லாத பணியாளருக்கு அவருடைய பண்டிகையில் அதே சலுகையைக் கொடுங்கள். கணக்கு எழுதுபவர், விலைப்பட்டியல் தயாரிப்பவர் போன்றோர் வாரத்தில் இருநாள் வீட்டிலிருந்து செய்யட்டும். அதற்காகச் சம்பளத்தில் கைவைக்காதீர்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

உன் இறைவனுக்கு உன்மீது உரிமை உண்டு, உன் உடலுக்கும் உரிமை உண்டு, உன் குடும்பத்திற்கும் உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு உபதேசித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதனை உண்மையென ஏற்றார்கள். அளவுகடந்த வணக்கமே குடும்பத்தின் உரிமையைப் பறிக்கக்கூடாது என்றால், வியாபாரம் பறிக்கலாமா?

வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத்தையும், நம் நேரத்தில் விசாலத்தையும் தருவானாக! நமக்குக் கீழ் உழைப்போர்மீது இரக்கம் கொள்ளும் உள்ளத்தையும், நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட வேலையை நேர்மையோடு முடிக்கும் பண்பையும் தந்தருள்வானாக! நம் வீடுகளைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து மகிழும் வீடுகளாக ஆக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.